இடதுபக்க இருக்கை

பதினேழு உட்காரவில்லை, பத்தொன்பது ஆடுகிறது, அப்படியானால் பதினெட்டு, போல்ட் கழற்றும் பதினெட்டாம் நம்பர் சாக்கெட் எங்கே, இப்போதுதானே கையில் இருந்தது, இடது பக்கத்தை முடிக்கும்போது இருந்தது, அதற்குப் பிறகு… சுரேந்தர் காருக்கு அடியிலிருந்து கையை நீட்டித் தரையைத் தடவினான். துணி, எண்ணெய் டப்பா, வாளி, போன். கை பட்டதும் போன் விழித்துக்கொண்டது. பத்து நாற்பது. ஒரு மணிக்கு மனைவி சங்கீதாவை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். ஈசூன் வீட்டிலிருந்து நொவீனா மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிடம், பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பினால் போதும், அதற்குள் வலது பக்கத்தை முடிக்க வேண்டும், சக்கரங்களை மாட்ட வேண்டும், குளிக்க வேண்டும், இந்தக் கையோடு போய் அவள் கட்டிலருகே நிற்க முடியாது. வாளியில் தண்ணீர் இருக்கிறது, சோப்பு நுரையோடு. அது கை கழுவ அல்ல. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பழுது பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தூணிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், யாராவது வந்து கேட்டால் கார் கழுவுகிறேன் என்று சொல்ல வேண்டும், அதற்காக வாளி. முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றிக் கிடக்க, கார் இரும்பு முக்காலிகளில் ஏறி நிற்க, அடியில் மல்லாந்து கிடப்பவன் கார் கழுவுகிறான் என்று யார் நம்புவார்கள்? இருந்தும் வாளி இருந்தால் ஒரு தைரியம். சாக்கெட் தலைக்கடியில் இருந்தது. இத்தனை நேரம் அதன்மேல்தான் படுத்திருந்தானா, வலிக்கவே இல்லையே.

உங்க காருல வேணாம், நான் டாக்சில வந்துக்கிறேன்… நேற்று மாலை சங்கீதா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது மாதிரி சொன்னாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. மகள் யாமினி போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், பதினைந்து வயதில் எதையும் கேட்காத மாதிரி உட்காரத் தெரிந்துவிடுகிறது. அவன் உடனே பதில் சொன்னான், நாளைக்குள்ள ரெடி பண்ணிடுறேன், சத்தமே வராது. சத்தமே வராது என்று இரண்டு முறை சொன்னான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன பார்வை? சரி என்றா, போதும் என்றா? எட்டு மாதமாக அந்தச் சத்தம். முதலில் இடது முன்சக்கரப் பக்கம் மட்டும், சாலை மேடுகளில் ஏறி இறங்கும்போது ஒரு டொக். அப்புறம் இரண்டு டொக். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கை, லோயர் ஆர்ம், அது காரின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும், புஷ். ரப்பர் வெடித்துவிட்டால் இரும்பில் இரும்பு மோதும், அவ்வளவுதான் விஷயம். மார்ச்சிலேயே அவனுக்குத் தெரியும். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான், விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. இன்னும் ஆறு மாசம் தாங்கும் என்று எழுந்தான். கப்பல் பட்டறையில் அதுதான் அவன் வேலை, பற்றவைத்த இரும்பில் எவ்வளவு விரிசல் வரை விடலாம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. பதினேழு வருடமாகப் போடுகிறான். வரம்புக்குள் இருக்கிறது, வரம்புக்குள் இருக்கிறது. ஏப்ரலில் அவள் பாலர் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, குட்டி நாற்காலிகளுக்குக் குனிந்து குனிந்து இடுப்பிலிருந்து கால் வரைக்கும் இழுக்குதுங்க என்றபோதும் அதே வாயால்தான், கொஞ்ச நாள் பாக்கலாமே என்றான். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்ன தாள் ஜூலை வரை குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கடியில் இருந்தது. தினமும் பால் எடுக்கும்போது பார்ப்பான். பார்த்தானா? கதவைத் திறந்தால் தாள் அவனோடு சேர்ந்து திறக்கும், கதவை மூடினால் மூடும்.

பதினெட்டு உட்கார்ந்துவிட்டது. கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி இழுத்தான், போல்ட் அசையவில்லை, மறுபடி இழுத்தான், கிரீச்சென்று கத்திவிட்டு இளகியது, துருத் தூள் கண்ணில் விழுந்தது. தோளால் கண்ணைத் துடைத்தான். கார் பட்டறைக்காரன் வரும் செவ்வாய்க்கிழமை கொண்டு வரச் சொன்னான், அரை நாளில் முடித்துத் தருவான், கொடுத்துவிடலாம், இன்றைக்கு டாக்சியில் அவளை அழைத்து வரலாம், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான்… இல்லை, நான் செய்ய வேண்டும். ஏன்? கையில் ஏதாவது இருக்க வேண்டும். மருத்துவமனை நாற்காலியில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை அவளை முதுகெலும்பு அறுவைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். இருபது நிமிடம் உட்கார்ந்தான். யாமினி, டீ குடிச்சிட்டு வர்றேன் என்று எழுந்தான், டீக்காகத்தான் எழுந்தான், அதில் பொய் இல்லை, டீ கீழ்த்தளத்தில் இருந்தது, கால்கள் கீழ்த்தளத்தைத் தாண்டி வாசலுக்குப் போயின, வாசலில் ஒரு பஸ் நின்றது. ஜாலான் புசாரில் இறங்கியபோது அவனுக்கே ஆச்சரியம். வரிசையாக உதிரிபாகக் கடைகள். கடைக்காரச் சீனக் கிழவர் இடது பக்கமா வலது பக்கமா என்று கையைக் காட்டிக் கேட்டார், இரண்டும் என்றான். திரும்பிப் போக பஸ் கிடைக்கவில்லை, லிட்டில் இந்தியா வரை நடந்தான், இரண்டு இரும்புக் கைகளும் பையில் ஒன்றோடொன்று இடித்தன, பூக்கடைகளின் முன்னால் கூட்டம், ஒரு பெண் முழம் போட்டுக்கொண்டிருந்தாள், வாங்கிப் போகலாமா என்று நின்றான், மயக்கத்தில் இருப்பவளுக்குப் பூவா, மருத்துவமனைக்குள் பூவை விடுவார்களா, நின்றுகொண்டே இருந்தான். போய்ச் சேர்ந்தபோது அவள் கண் விழித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. எங்க அவரு என்று கேட்டாளாம். டீ குடிக்கப் போயிருக்காரும்மா என்றாளாம் யாமினி. அவன் பையை நாற்காலிக்கடியில் தள்ளினான். இரும்பு தரையில் பட்டுச் சத்தம் போட்டது. சங்கீதா தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி அந்தப் பையைப் பார்த்தாள், புது இரும்பின் எண்ணெய் வாசனை அந்த அறையில் யாருக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். என்ன சொல்லியிருப்பான்?

போன் தரையில் அதிர்ந்தது. யாமினி. அப்பா டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு, பன்னெண்டரைக்கே விட்டுடுவாங்களாம். அவன் எண்ணெய்க் கையின் சுண்டுவிரலால் திரையைத் தள்ளிப் படித்தான். அடுத்தது வந்தது. அம்மா டாக்சி புக் பண்ணச் சொல்றாங்க, பண்ணவா? வேணாம் வேணாம் என்று சுண்டுவிரலால் அடித்தான், வர்றேன், கார் ரெடி. ரெடி இல்லை. வலது பக்கத்துப் பழைய இரும்புக் கை இன்னும் பாதி கழன்று தொங்குகிறது. யாமினி எழுதிக்கொண்டிருப்பதாகப் புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. நீங்க வர்றீங்களான்னுதான் அம்மா கேட்டாங்க, காரைக் கேக்கல. இதை அவள் சொல்கிறாளா, அம்மா சொன்னதைச் சொல்கிறாளா? படுத்தபடியே இரண்டு முறை படித்தான். வர்றேன் என்று மறுபடி அனுப்பினான். பழைய கையைப் பிடுங்கி எறிந்தான். புதியதைத் தூக்கி இடத்தில் பொருத்தினான், போல்ட்டை நுழைத்தான், கையால் சுற்றினான், சாக்கெட்டால் சுற்றினான், குழாய் போட்டு இழுத்தான், இன்னும், இன்னும் ஒரு இழுப்பு. பதினொன்றரை. முடிந்துவிட்டது. சக்கரத்தை மாட்டி இறக்கினால் போதும். குளிக்கக்கூட நேரம் இருக்கிறது. எத்தனை நாளைக்குப் பிறகு இந்த நிம்மதி, நெஞ்சுக்குள் என்னவோ லேசாக, ஒரு வேலை முடிந்தால் மட்டும் வருகிற…

காருக்கு வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன. ரப்பர் செருப்பு, மடித்துவிட்ட கால்சட்டை. என்ன தம்பி, காரைக் கழுவுறீங்களா, இல்ல காரு உங்களைக் கழுவுதா? ஒலி முகம்மது. பக்கத்துப் பிளாக்கில் இருக்கிறார், முப்பது வருடமாக டாக்சி, விடியற்காலை விமான நிலைய ஓட்டம் முடித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார், கையில் எப்போதும் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பி. சுரேந்தர் வெளியே நகர்ந்து வந்தான். முடிஞ்சிருச்சு பாய், ரெண்டு பக்கமும் போட்டாச்சு. பாய் முட்டியில் கைவைத்துக் குனிந்தார், ஐம்பத்தெட்டு வயது முட்டி, அது போட்ட சத்தம் இருவருக்கும் கேட்டது. எனக்கும் புஷ் போயிருச்சு லா, யாரும் மாத்தித் தர மாட்டேங்கறாங்க. சிரித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தம்பி, போல்ட்ட முறுக்கிட்டீங்களா? முறுக்கிட்டேன் பாய், ஃபுல் டைட். ஆர்ம் தொங்கிட்டு இருக்கையிலயா? அந்தக் கேள்வி முடியும் முன்பே சுரேந்தர் குனிந்து அந்தப் போல்ட்டைப் பார்த்தான். தெரியும். அவனுக்கு இது தெரியும். வீடியோவில் இரண்டு முறை பார்த்தான், தாளில் எழுதிக்கூட வைத்தான், ரப்பர் புஷ் போல்ட்டை காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். இரும்புக் கை பாரமில்லாமல் காற்றில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், கார் கீழே இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஓடும்போதும் முறுக்கு, நிற்கும்போதும் முறுக்கு. நாலு மாசம் வராது தம்பி, புதுசு பழசாயிடும் என்றார் பாய். கப்பலுக்கெல்லாம் கையெழுத்துப் போடுற ஆளு, இதுல போயி… சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார், கோப்பிப் பையை நீட்டினார். குடிங்க மொதல்ல.

குடித்தான். சூடும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கியது. நாலு மாசம் வராது என்றால் மூணு மாசமாவது வரும். இன்றைக்குச் சத்தம் வராது. இன்றைக்குத்தானே வேண்டும். அப்படியே சக்கரத்தை மாட்டிக் கிளம்பினால் பன்னிரண்டேகாலுக்கு அங்கே நிற்கலாம், அவளை உட்கார வைத்து, பார்த்தியா ஒரு சத்தம் இருக்கா என்று கேட்கலாம், அடுத்த மாதம் பொறுமையாக இளக்கி மறுபடி… அடுத்த மாதம் செய்வானா? அவனை அவனுக்குத் தெரியாதா? அந்தத் தாள் காந்தத்துக்கடியில் மூன்று மாதம். இரண்டு பக்கமும் இளக்கி, ஜாக்கியால் அந்த இரும்புக் கையைத் தூக்கிப் பாரத்தைக் கொடுத்து மறுபடி இறுக்க முக்கால் மணி நேரம். அரை மணி நேரமாவது அவள் சக்கர நாற்காலியில் காத்திருப்பாள். இப்போது இளக்கினால் மறுபடி அவளை விட்டுவிட்டுக் காரைப் பார்க்கிறான் என்று ஆகும். இளக்காவிட்டால் மறுபடி பாக்கலாம் என்று தள்ளுகிறான் என்று ஆகும். இரண்டில் எது அவள் பக்கம்? இரண்டிலும் அவள் எங்கே இருக்கிறாள்? யாமினிக்கு போன் செய்யலாம், டாக்சி புக் பண்ணிடும்மா என்று சொல்லலாம், ஒரு வார்த்தை. சங்கீதா கேட்டதும் அதுதான். கேட்டதைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? கொடுத்துவிட்டால் இனி எப்போதும் அவள் இந்தக் காரில் ஏற மாட்டாள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்ற வேண்டும், வெறும் கார். காரில்லை. பாய், உங்ககிட்ட இன்னொரு ஜாக்கி இருக்கா என்று கேட்டான், கேட்ட பிறகுதான் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. டாக்சி பூட்ல இருக்கு, எடுத்தாறேன் என்று பாய் செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தார், போகும்போதே கேட்டார், வீட்டுல இன்னிக்கு வர்றாங்கல்ல? எத்தனை மணிக்கு? பன்னெண்டரை பாய். பாய் நின்று திரும்பினார். அடப்பாவி, என்று மட்டும் சொன்னார், பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தார்.

இரண்டு பேர் என்பதால் வேகம். இடது பக்கம் பாய் ஜாக்கியை இரும்புக் கையின் அடியில் வைத்து மிதித்து மிதித்து ஏற்றினார், கார் முக்காலியிலிருந்து ஒரு நூல் எழும்பியதும் நிறுத்தினார், இப்ப பாரம் வந்திருச்சு, இப்ப முறுக்குங்க. இளக்கியபோது ரப்பர் ஒரு சின்னத் திரும்பல் திரும்பித் தன் இடத்துக்குப் போனதை சுரேந்தர் விரலில் உணர்ந்தான். இறுக்கினான். வலது பக்கம். நல்லவேளை அந்த நேரம் யாரும் வரவில்லை, ஒரு சீன அம்மா மட்டும் காய்கறித் தள்ளுவண்டியோடு கடந்தாள், வாளியைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், போய்விட்டாள். சக்கரங்கள். நட்டுகள். ஜாக்கி இறங்கியது, கார் மூச்சுவிடுவது மாதிரி தாழ்ந்து நின்றது. பன்னிரண்டு எட்டு. குளிக்க நேரமில்லை, வாளி கடைசியில் கை கழுவத்தான் உதவியது. நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் கதவுக்குப் போனவனை பாய் கையைப் பிடித்து நிறுத்தினார். சாவியக் குடுங்க. கீழ வரைக்கும் நான் ஓட்டுறேன், ஸ்டீரிங்கப் பிடிச்சிருக்கிறவனுக்குச் சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு தெரியாது, நீங்க அந்தப் பக்கம் உக்காந்து காதைக் குடுங்க. எப்படியும் ஏழு மாடி இறங்கணும்ல? நேரமில்லை பாய். நேரம் போகலப்பா, நீங்க ஓட்டினாலும் இதே வழிதான். சரிதான். சுரேந்தர் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தான். இருக்கை சங்கீதாவின் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது, முட்டி இடித்தது. பின்னால் தள்ளப் போனவன், அவள் வரப்போகிறாளே என்று அப்படியே விட்டான்.

ஒவ்வொரு மாடி முடிவிலும் ஒரு மேடு. முதல் மேடு வந்தது. காதைக் கொடுத்தான். ஒன்றுமில்லை. டொக் இல்லை. பாத்தீங்களா, பேச்சே இல்ல, என்றார் பாய். அவனும் சிரித்தான், எட்டு மாதம்… இரண்டாவது மேடு. சத்தமில்லை. ஆனால் சக்கரம் இறங்கிய நொடியில் அவன் இடது கை எதையோ தேடியது, பிடிக்க ஒன்றும் இல்லை, வலது கால் தரை விரிப்பை அழுத்தியது, அங்கே பிரேக் இல்லை. விசித்திரம். போன் அதிர்ந்தது, குனிந்து பார்த்தான், அப்பா கீழ லாபிக்கு வந்துட்டோம், வீல்சேர்ல இருக்காங்க, அடுத்த வரியைப் படிக்கும் முன் மூன்றாவது மேடு. அடியிலிருந்து யாரோ குத்தியது மாதிரி, இடுப்பில் ஏறி முதுகில் போய் கழுத்தில் நின்றது. சத்தமே இல்லாமல். மெதுவா பாய், என்றான். குரல் அவனுக்கே எரிச்சலாகக் கேட்டது. இருபதுலதான் போறேன், இதுக்கும் மெதுவான்னா இறங்கித் தள்ளணும், என்று பாய் சிரித்தார். சுரேந்தர் சிரிக்கவில்லை. இருபதுலதான் போறேன். இதைச் சொன்னது யார்? மார்ச்சில், மே மாதத்தில், ஆகஸ்டில் அந்தப் பாலர் பள்ளி வாசலில், மடியில் பிள்ளைகளின் படங்களை அடுக்கி வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவளிடம். அவள் ஒரு நாளாவது சத்தம் என்று சொன்னாளா? நினைத்துப் பார்த்தான். சத்தம் என்றவன் அவன்தான். காரைக் கழற்றிப் பார்த்தவன், வெடிப்பை விரலால் அளந்தவன், வானொலியைக் கூட்டி வைத்தவன் அவன். அவள் சொன்னது வேறு ஒரே வார்த்தை, மெதுவா, அதைத் தன் ஓட்டுதலைப் பற்றிய குறையாக எடுத்துக்கொண்டு வீடு வரை பேசாமல் வந்த நாட்கள் எத்தனை? ஒன்பது வருடம் இந்தக் காரில், ஒரு முறைகூட இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. ஓட்டுகிறவனுக்கு மேடு வருவது முன்னாலேயே தெரியும், கை இறுகும், வயிறு இறுகும், அடி விழுந்தது தெரியாது.

கீழ்த்தளம். தடுப்புக் கம்பியின் முன்னால் பாய் ஓரம் கட்டினார், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். ராஜா மாதிரி இருக்கு, எடுத்துட்டுக் கிளம்புங்க. சுரேந்தர் இறங்கவில்லை. பாய், உங்களுக்கு ஏதும் வேலை இருக்கா? தூங்கணும், அதான் வேலை. நொவீனா வரைக்கும் நீங்களே ஓட்டுறீங்களா? பாய் அவனைப் பார்த்தார். ஏன், உடம்பு சரியில்லையா? இல்ல பாய். பின்ன? மேடுகள் அவளை எங்கே எங்கே அடிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லவா? சொன்னால் சிரிப்பார். அவளிடமும் சொல்ல முடியாது, சத்தம் போயிருச்சு என்பதைத் தவிர அவளிடம் சொல்ல அவன் தயாரித்து வைத்திருந்தது வேறெதுவும் இல்லை, இப்போது அதையும் சொல்ல முடியாது. பாய் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மத்தியானச் சாப்பாடு உங்க வீட்டுல, என்றார். சுரேந்தர் யாமினிக்கு அடித்தான், வந்துட்டு இருக்கேன், ஒலி பாய் ஓட்டுறாரு. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். கார் சாலையில் இறங்கியது. கடைகள், பஸ் நிறுத்தம், அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம், அதன் முன்னால் இரண்டு மேடுகள். பார்க்கக் கூடாது என்று கண்களை மூடினான், அவளுக்கு விழுவது மாதிரி ஒன்றாவது விழட்டும் என்று உடம்பைத் தளர்த்தினான், கைகளை மடியில் வெறுமனே வைத்தான். முடியவில்லை. எத்தனையோ ஆயிரம் முறை ஓட்டிய வழி, மேடு வருவதற்கு முன்பே முதுகு தானாக இறுகிக்கொண்டது.